ஒன்றுமில்லைக்குக் கீழே

வல்பரைசோவில் தெருக்கள் நடக்காது, ஏறும்.
துறைமுகத்திலிருந்து கொலோந்திரினா குன்றுக்கு
ஒரு மரப்பெட்டி
தண்டவாளத்தில் சாய்ந்து மேலே போகும்.
அது ஏறினால் அதன் ஜோடி இறங்கும்,
தராசுத் தட்டுப் போல.
ஊர்க்காரர்களுக்கு அது அசென்சோர்.

நகராட்சியின் மூன்றாம் மாடியில் என் வேலை
ஊரில் உள்ளதையெல்லாம் வகைப்படுத்துவது.
திரையின் இடப்பக்கம் ஒரு மரம்,
வேர் மேலே, கிளைகள் கீழே.
வேரின் பெயர் ‘பொருள்’.
அதற்குக் கீழே கட்டடம், வாகனம், விளக்குக் கம்பம்,
உரிமம் உள்ள நாய், ஊருக்கே சொந்தமான நாய்.
நல்ல மென்பொருள். முரண்டு பிடிக்காது.
ஒரு கிளையை இழுத்து இன்னொன்றில் தொங்கவிடலாம்,
பெயரை மாற்றலாம்,
தப்பென்று தோன்றினால் வந்த வழியே திரும்பலாம்,
எத்தனை முறை திரும்பினாய் என்று கேட்காது.

முதல் வாரமே எழுதிவைத்தேன்:
கட்டடம் எதுவும் வாகனமல்ல,
வாகனம் எதுவும் கட்டடமல்ல.
யார் மறுக்கப்போகிறார்கள்?
நிலநடுக்கத்தன்று மட்டும்
கட்டடங்கள் கொஞ்சம் யோசிக்கும் என்றாள் யாஸ்னா.

ஆளை ஏற்றிச் செல்வதால்
அசென்சோரை வாகனத்தில் வைத்தேன்.
சொத்துவரி ரசீதைப் பார்த்த யாஸ்னா
கட்டடத்திலும் வைத்திருந்தாள்.
தர்க்கம் பார்க்கும் பொத்தானை அழுத்தினோம்.
மூன்று நொடி.
அசென்சோர் சிவந்தது.

‘ஒன்றுமில்லை’ என்றொரு வகை உண்டு,
இருக்கவே முடியாதவை போய் விழுமிடம்.
அங்கே கிடந்தது
காலையில் நான் ஏறி வந்த பெட்டி,
என் குடையை மறந்துவிட்டு வந்த பெட்டி.

குடையைக் கேட்டு மாலையில் போனேன்.
மேல்நிலையத்தில் பல்தொமேரோ
நெம்புகோலுக்குப் பக்கத்தில்
தேநீரை ஆறவிட்டிருந்தார்.
“உங்கள் கணினியில் நான் யார்?”
கேலி என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.
ஓட்டுநர் என்றால் அறுபதில் ஓய்வு,
காவலாளி என்றால் அறுபத்தைந்து.
அவருக்கு அறுபத்தொன்று.
பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்தார்:
தங்கள் பணியிடம் எங்கள் பட்டியலில் இல்லை.
அவருடைய வலது தோள்
இடதைவிட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

இரவு மரத்தைத் திறந்தேன்.
வாகனம் என்று முடித்துவிடலாம்,
ஆனால் கூரை ஒழுகும் நிலையத்துக்கு
கட்டட நிதி வராது.
சுவரையே தூக்கிப் பார்த்தேன்.
சிவப்பு போனது,
கூடவே துறைமுகத்துச் சாசேஜ் வண்டியும் கட்டடமாகி
தீயணைப்புப் படிக்கட்டு கேட்டது.
திரும்பி வந்தேன். சுவரைப் போட்டேன்.

பிறகு பெட்டியைத் தனியாகக் கழற்றினேன், நிலையத்தைத் தனியாக.
நகர்வது ஒரு பகுதி, நிற்பது ஒரு பகுதி,
இரண்டும் சேர்ந்தது அசென்சோர்,
அது இரண்டில் எதுவுமல்ல.
நிற்பதில் இருந்துகொண்டு
நகர்வதை இயக்குகிறார் பல்தொமேரோ.
வண்டி போகும், ஓட்டுநர் போகமாட்டார்.
மறுபடி மூன்று நொடி.
மஞ்சள் பட்டையில் ஒரு வரி வந்தது:
பல்தொமேரோ, வகை: ஓட்டுநர்.
அதை நான் எழுதவில்லை.
யாஸ்னாவும் எழுதவில்லை.
எழுதியவற்றிலிருந்து அதுவாக விளைந்தது.

அச்செடுத்து, முத்திரை குத்தி அனுப்பிப்
பதினோரு வாரம் ஆகிறது.
சொல்லாதது பொய்யாகிவிடாது,
இன்னும் தெரியாது, அவ்வளவுதான்
என்பது எங்கள் மென்பொருளின் கொள்கை.
கொலோந்திரினாவின் மளிகைக்காரருக்கு
அப்படி ஒரு கொள்கை இல்லை.

குடை அன்றைக்கே கிடைத்துவிட்டது.
கைப்பிடியில் நூல் சுற்றி
ஒரு சீட்டுக் கட்டியிருந்தார்,
பென்சிலில், பெரிய எழுத்தில்:
யாரோ ஒருவருடையது.
மழைக்கு விரிக்கும்போதெல்லாம் தொங்குகிறது.
நான் அவிழ்க்கவில்லை.